கூகுள் கைவிட்ட காவல்: நெஸ்ட் செக்யூர் அலாரம் ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஏப்ரல் 8. அமெரிக்காவில் நெஸ்ட் செக்யூர் என்ற திருட்டு அலாரத்தை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அதுதான் கெடு. கருவி பழுதாகவில்லை. சென்சார்கள் ஒட்டிய இடத்திலேயே இருந்தன, பேட்டரியிலும் சார்ஜ் இருந்தது. தயாரித்த கூகுள் நிறுவனம்தான் அதைத் தன் சர்வர்களிலிருந்து துண்டித்தது. இனிமேல் அது நெஸ்ட் ஆப்பில் தெரியாது, இணையத்தோடு இணையாது என்று 2023 ஏப்ரலிலேயே அறிவித்திருந்தார்கள். சொன்னபடி செய்தார்கள்.

வீட்டுக்கு அலாரம் வாங்கலாமா என்று பேச்செடுத்தால், எத்தனை சென்சார், என்ன விலை, மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்றுதான் பேச்சு போகும். இந்தக் கேள்விகளில் நெஸ்ட் செக்யூர் நன்றாகவே தேறியது. அப்படித் தேறிய ஒரு பொருள் ஆறரை ஆண்டுக்குள் கைவிடப்பட்டது எப்படி, வாங்கிய அன்றே அதை ஊகித்திருக்க முடியுமா என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பொருள் எப்படி இருந்தது

நெஸ்ட் நிறுவனத்தை 2010-இல் தொடங்கியவர்கள் ஆப்பிளில் வேலை பார்த்த டோனி ஃபாடெலும் மேட் ரோஜர்ஸும். வீட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்த சுவரில் மாட்டும் தெர்மோஸ்டாட் ஒன்றால் பெயர் வாங்கினார்கள். 2014-இல் கூகுள் 320 கோடி டாலர் கொடுத்து நிறுவனத்தையே வாங்கியது. நெஸ்ட் செக்யூர் 2017 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு நவம்பரில் விற்பனைக்கு வந்தது. விலை 499 டாலர். பெட்டிக்குள் நெஸ்ட் கார்டு என்ற வட்டமான மையக் கருவி ஒன்று, நெஸ்ட் டிடெக்ட் என்ற சென்சார்கள் இரண்டு, சாவிக்கொத்தில் மாட்டும் நெஸ்ட் டேக் இரண்டு.

இதை வடிவமைத்தவர்கள் அலாரத்தோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு எரிச்சல் என்பதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். பழைய அலாரம் வைத்த வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான்: முதல் மாதம் எல்லோரும் ஒழுங்காக எண்ணை அழுத்தி ஆன் செய்வார்கள். ஒருநாள் அதிகாலையில் நாயை வெளியே விடக் கதவைத் திறந்ததும் தெருவே எழுந்துவிடும். அப்புறம் யாரும் அதைத் தொடுவதில்லை. நெஸ்ட் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. சென்சாரில் இருக்கும் பொத்தானை அழுத்தினால், அலாரம் ஆனில் இருக்கும்போதே அந்த ஒரு கதவை மட்டும் சத்தமில்லாமல் திறக்கலாம். எண் நினைவில் நிற்காத பாட்டிக்கு டேக்கைக் கருவியின் மேல் காட்டினால் போதும். எந்த நிலையில் இருக்கிறேன், எவ்வளவு நேரத்தில் வெளியேற வேண்டும் என்று கருவி வாய்விட்டே சொல்லும். ஒரே டிடெக்ட் கதவு திறப்பதையும் ஆள் நடமாட்டத்தையும் சேர்த்துக் கவனிக்கும், இருட்டில் யாராவது நடந்தால் சின்ன விளக்கும் எரியும்.

மின்சாரம் போனால் தாங்க உள்ளேயே பேட்டரி இருந்தது. வைஃபை போனால் மாற்றாக மாதம் 5 டாலருக்கு செல்போன் இணைப்பு எடுத்துக்கொள்ளலாம். இணையம் அறுந்திருந்தாலும் கதவு திறந்தால் சைரன் அடிக்கும். 2017-இல் சந்தையில் இருந்தவற்றில் மனிதர்களுக்காகச் செய்த அலாரம் என்று இதைத்தான் சொல்வேன். இன்றைக்கும் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளக் காரணம் தெரியவில்லை.

சைரனுக்குப் பிறகு யார் வருவார்

அலாரம் அடித்தால் போலீஸ் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்காவிலும் அது அவ்வளவு நேரடியாக நடப்பதில்லை. சென்சார் பேனல் என்ற மையக் கருவிக்குச் சொல்லும், பேனல் செல்போன் இணைப்பு வழியாகத் தனியார் கண்காணிப்பு மையத்துக்குச் சொல்லும், அங்கே உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிடுவார், பதில் இல்லையென்றால் போலீஸுக்குத் தகவல் போகும். இதற்குத்தான் மாதக் கட்டணம். நெஸ்ட்டுக்குச் சொந்தமாக இப்படி ஒரு மையம் கிடையாது. மோனி என்ற நிறுவனம், பின்னாளில் பிரிங்க்ஸ் ஹோம், அந்த வேலையைச் செய்தது. விரும்பினால் பணம் கட்டலாம், இல்லையென்றால் போனுக்கு வரும் தகவலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

போலீஸ் தரப்பில் இதைப் பார்த்தால் வேறு கதை. அமெரிக்க நீதித் துறையின் வழிகாட்டி ஒன்று, போலீஸுக்கு வரும் திருட்டு அலாரங்களில் 94 முதல் 98 சதவீதம் வரை பொய் அலாரம் என்கிறது. காற்றில் ஆடும் கதவு, வீட்டுப் பூனை, எண் மறந்த விருந்தாளி என்று காரணம் ஏதாவது இருக்கும். ஓடி ஓடி அலுத்துப்போன சால்ட் லேக் சிட்டி, 2000-ஆம் ஆண்டில் ஒரு விதி கொண்டுவந்தது. யாராவது நேரில் பார்த்து உறுதி செய்தால்தான் சாதாரணத் திருட்டு அலாரத்துக்குப் போலீஸ் வரும். லாஸ் வேகஸில் அதற்கும் முன்பே இந்த நடைமுறை இருந்தது. ஆக, மாதக் கட்டணம் கட்டுவதற்கு முன் அந்த ஊர்ப் போலீஸ் எதற்கு வரும், எதற்கு வராது என்று கேட்டுக்கொள்வது நல்லது. விற்பவர் தானாக இதைச் சொல்ல மாட்டார்.

அப்படியானால் சைரன் வீணா? அதுவும் இல்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஷார்லட் வளாக ஆய்வாளர்கள் சிறையில் இருந்த 422 திருடர்களிடம் கேட்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். அலாரம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம் என்றவர்கள் சுமார் 83 சதவீதம். இருந்தால் வேறு வீட்டைத் தேடுவோம் என்றவர்கள் சுமார் 60 சதவீதம். (மீதிப் பேர் என்ன செய்வார்கள் என்று யோசித்தால், நல்ல தாழ்ப்பாளின் அருமை புரியும்.)

ஒரு மைக்

2019 பிப்ரவரியில் கூகுள் ஒரு செய்தி சொன்னது. நெஸ்ட் கார்டு இனி கூகுள் அசிஸ்டண்டாகவும் வேலை செய்யும், வாயால் பேசிக் கட்டளை கொடுக்கலாம். நல்ல வசதிதான். ஆனால் அதற்கு மைக் வேண்டுமே? மைக் முதல் நாளிலிருந்தே கருவிக்குள் இருந்திருக்கிறது. பொருளின் விவரப் பட்டியலில் அது எங்கேயும் இல்லை. ஒளித்து வைக்கும் எண்ணம் இல்லை, பட்டியலில் சேர்க்காமல் விட்டது எங்கள் பிழை, அந்த மைக் அதுவரை ஆன் செய்யப்பட்டதே இல்லை என்று கூகுள் விளக்கம் கொடுத்தது.

நான் அந்த விளக்கத்தை நம்புகிறேன். கண்ணாடி உடையும் சத்தத்தைப் பிற்காலத்தில் கண்டுபிடிக்கலாம் என்று மைக்கை முன்கூட்டியே வைப்பது இந்தத் துறையில் நடப்பதுதான். ஆனாலும் காவலுக்கென்று காசு கொடுத்து வாங்கிய பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்கே 15 மாதம் தெரியவில்லை. அந்த மைக்கை எழுப்ப கூகுளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு மென்பொருள் அப்டேட். கருவி உங்கள் சுவரில் இருந்தாலும் கடிவாளம் வேறு இடத்தில் இருந்தது என்பது வெளியே தெரிந்த முதல் தருணம் அது.

சரிவு

2018-இல் ரிங் என்ற வீட்டுக் காவல் கருவி நிறுவனத்தை அமேசான் வாங்கியது. அதே ஆண்டு கோடையில் ரிங் அலாரம் 199 டாலருக்கு வந்தது, கண்காணிப்புக்கு மாதம் 10 டாலர். நெஸ்ட் அதற்குச் சற்று முன்புதான் தன் விலையை 399 ஆகக் குறைத்திருந்தது. அப்படியும் எதிராளியின் விலையைப் போல இரண்டு மடங்கு. 2020 ஆகஸ்டில் கூகுள் ஏடிடி நிறுவனத்தில் 45 கோடி டாலர் போட்டு 6.6 சதவீதப் பங்கு வாங்கியது. ஏடிடி 1874-இல் தந்தி நிறுவனமாகத் தொடங்கிய, அமெரிக்க அலாரத் தொழிலின் மூத்த பெயர். அங்கே பணம் போட்ட பிறகு சொந்த அலாரம் எதற்கு? இரண்டு மாதம் கழித்து, அக்டோபரில், நெஸ்ட் செக்யூர் உற்பத்தி நின்றுவிட்டதை கூகுள் உறுதி செய்தது.

கடைசியில் 2023 அறிவிப்பில் இழப்பீடும் இருந்தது. 485 டாலர் வரை மதிப்புள்ள ஏடிடி அலாரம் இலவசம், அல்லது கூகுள் கடையில் செலவழிக்க 200 டாலர். பழைய சென்சார்கள் ஏடிடி கருவியோடு சேராது. அதனால் கதவு ஜன்னலில் ஒட்டியதையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும்.

2017-இல் வாங்கியவருக்கு என்ன தெரிந்திருக்கும்

இதெல்லாம் பின்னால் நடந்ததை வைத்துப் பேசுவது, வாங்கும்போது யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். ஓரளவு தெரிந்திருக்கும். ரிவால்வ் என்று ஒரு கருவி இருந்தது. வீட்டு விளக்கு, பூட்டு, சென்சார் எல்லாவற்றையும் இணைக்கும் 300 டாலர் மையக் கருவி, ஆயுள் முழுக்கச் சந்தா இலவசம் என்று விற்றார்கள். 2014 அக்டோபரில் அந்த நிறுவனத்தை வாங்கியது வேறு யாருமல்ல, நெஸ்ட்தான். 2016 மே மாதம் சர்வரை நிறுத்தினார்கள், கருவி அன்றோடு செத்தது. நெஸ்ட் செக்யூர் அறிவிப்புக்கு ஒன்றரை ஆண்டுக்கும் குறைவான இடைவெளியில், அதே குடும்பத்தில் நடந்த சாவு இது. ஆயுள் முழுக்க என்றால் யாருடைய ஆயுள் என்று அப்போதே பலர் கேட்டார்கள்.

ஆனால் நிறுவனத்தின் குணத்தைப் பார்த்து வாங்கு என்று சொல்வதில் பெரிய பயனில்லை. எந்த நிறுவனம் எப்போது எதை நிறுத்தும் என்று ஜோசியம் பார்க்க முடியாது. கருவியின் அமைப்பைப் பார்க்கலாம், அது கண்ணுக்குத் தெரிவது. எந்த அலாரத்திலும் நான்கு அடுக்கு உண்டு: கதவில் இருக்கும் சென்சார், முடிவெடுக்கும் பேனல், வெளியே சொல்லும் தொடர்புக் கருவி, செய்தியை வாங்கிக்கொள்ளும் மையம் அல்லது ஆப். இந்த நான்கும் தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடியவையா, ஒன்றோடொன்று உருக்கிச் சேர்த்தவையா என்பதுதான் என் கேள்வி. நெஸ்ட்டில் நான்கும் ஒன்று. அதன் அழகுக்கும் அதுதான் காரணம், சாவுக்கும் அதுதான் காரணம்.

பக்கத்திலேயே ஓர் எதிர் உதாரணம் இருக்கிறது. ஹனிவெல் விஸ்டா, டிஎஸ்சி போன்ற பழைய பேனல்கள். பார்க்க அழகில்லாத உலோகப் பெட்டி, கால்குலேட்டர் போன்ற கீபேட். கதவில் ஒரு காந்தம், சட்டத்தில் காந்தத்துக்கு வேலை செய்யும் ஒரு ரீட் சுவிட்ச், இரண்டு கம்பி. கதவு திறந்தால் சுற்று அறுபடும், அவ்வளவுதான். கதவு, ஜன்னலை மின்சுற்றோடு இணைத்து மணியடிக்க வைக்கும் இந்த யோசனைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் காப்புரிமை வாங்கியது 1853-இல்.

2022 பிப்ரவரி 22-இல் ஏடி அண்ட் டி என்ற செல்போன் நிறுவனம் தன் 3ஜி சேவையை மூடியபோது இந்தப் பேனல்களுக்கும் சோதனை வந்தது. வெளியே சொல்ல அவற்றில் பல நம்பியிருந்தது 3ஜி. கொரோனா காலத்தில் ஆட்கள் வீடுகளுக்குள் போய் மாற்ற முடியவில்லை, சிப் தட்டுப்பாடும் இருக்கிறது, தேதியைத் தள்ளிப்போடுங்கள் என்று அலாரத் துறையினர் அரசின் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் முறையிட்டுப் பார்த்தார்கள். தேதி நகரவில்லை. ஆனால் மாற்ற வேண்டியிருந்தது தொடர்புக் கருவியை மட்டும். பேனலும், சுவருக்குள் ஓடிய கம்பியும், இருபது வருடச் சென்சாரும் அப்படியே இருந்தன. வண்டிக்கு டயர் மாற்றுவது போல ஒரு வேலையோடு முடிந்தது.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பேனல்களை விற்கும் டீலர்கள் 36 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள், இடையில் விலகினால் மீதியைக் கட்டச் சொல்வார்கள். சிலர் பேனலின் அமைப்பை மாற்றத் தேவையான நிறுவல் எண்ணைப் பூட்டி வைத்துவிட்டுப் போவார்கள், வேறு ஆள் வந்து தொட முடியாது. வேலைக்கு வரும் ஆளிடமும் ஆபத்து உண்டு. டெக்சாஸில் ஏடிடி ஊழியர் ஒருவர், தான் வேலை பார்த்த வீடுகளின் கணக்குகளில் தன் மின்னஞ்சலையும் சேர்த்துக்கொண்டு, ஏறக்குறைய 200 வீடுகளின் கேமராக்களை 9,600 தடவைக்கு மேல் திருட்டுத்தனமாகப் பார்த்தார். 2021-இல் 52 மாதச் சிறை. ஆள் வராமல் நாமே பொருத்திக்கொண்டாலும் நிம்மதி உறுதியில்லை. வாடிக்கையாளர் வீடியோக்களை ரிங் ஊழியர்கள் பார்க்க முடிந்தது என்ற குற்றச்சாட்டில், 58 லட்சம் டாலர் கட்ட 2023-இல் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. படுக்கையறைக்கும் கூடத்துக்கும் கேமரா எதற்கு என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் நல்ல பதில் கிடைக்கவில்லை. கதவுக்குக் காந்தமும் வாசலுக்குக் கேமராவும் போதும்.

சென்சாரும் பேனலும் ரேடியோவில் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதும் பார்க்க வேண்டியது. சிம்பிளிசேஃப் என்ற பிரபலமான கம்பியில்லா அலாரத்தில், கீபேடிலிருந்து பேனலுக்குப் போகும் எண்ணைக் காற்றில் பிடித்துப் பதிவு செய்து, பிறகு அதையே திருப்பி ஒலிபரப்பி அலாரத்தை அணைக்க முடியும் என்று ஐஓஆக்டிவ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் 2016-இல் காட்டினார். தகவல் மறையாக்கம் செய்யப்படவில்லை. அதைவிட மோசம், உள்ளே இருந்த சிப் ஒரே தடவை எழுதக்கூடியது. அப்டேட் அனுப்பிச் சரிசெய்ய வழியில்லை. நெஸ்ட்டில் அப்டேட் வழியாக மைக் விழித்தது, இங்கே அப்டேட் இல்லாமல் ஓட்டை நிலைத்தது. எது மேல் என்று கேட்டால், அப்டேட் வரும் கருவியைத்தான் எடுப்பேன். அதை எப்போது ஏற்றுவது என்ற முடிவு மட்டும் என்னிடம் இருக்க வேண்டும்.

பணக் கணக்கு

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்குப் போட்டால் விடை கொஞ்சம் வியப்பாக இருக்கிறது. 2017 நவம்பரில் 499 டாலருக்கு வாங்கியவர் 77 மாதம் பயன்படுத்தியிருக்கிறார். மாதத்துக்கு ஆறரை டாலர். 200 டாலர் திரும்ப வாங்கியிருந்தால் நான்கு டாலருக்கும் கீழே. ஒப்பந்தம் போட்டு மாதாமாதம் கட்டியவரைவிட இவர் செலவழித்தது குறைவு. முதலில் வாங்கியவருக்குப் பெரிய நஷ்டமில்லை. 2020 கோடையில், உற்பத்தி நிற்கப்போவது தெரியாமல் வாங்கியவருக்குத்தான் அடி. பெரிய வீட்டுக்காரருக்கும் அடி. ஆரம்பத்தில் ஒரு டிடெக்ட் 59 டாலர். கூடுதலாகப் பத்து வாங்கி ஒட்டியவருக்கு அந்த 200 டாலர் எந்த மூலைக்கு?

நம் ஊரில்

தமிழ்நாட்டு வீடுகளில் கண்காணிப்பு மையத்துக்கு மாதக் கட்டணம் கட்டும் பழக்கம் அரிது. கிரில் கேட், எதிர்வீட்டுக்காரர், ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போவது, இவைதான் நம் அமைப்பு. இப்போது அதோடு வைஃபை கேமரா சேர்ந்திருக்கிறது. அப்பா அம்மா தனியாக இருக்கும் வீட்டில் வெளிநாட்டுப் பிள்ளைகள் மாட்டிவிட்டுப் போவது பெரும்பாலும் அதைத்தான். அதில் ஒரு நன்மை உண்டு. இங்கே நள்ளிரவு இரண்டு மணி என்றால் நியூ ஜெர்சியில் மாலை, பிள்ளை விழித்திருப்பான், எதிர்வீட்டுக்கு போன் போடலாம். ஆனால் கேமரா சைரன் இல்லை. கரண்ட் போய் ரௌட்டர் அணைந்தால் கேமராவும் குருடு. ரௌட்டரை இன்வெர்ட்டர் லைனில் போடாத வீட்டில் கேமரா மாட்டுவது பாதி வேலைதான்.

கடைகளில் கிடைக்கும், சிம் போட்டு இயங்கும் ஜிஎஸ்எம் அலாரப் பெட்டி, பதிந்து வைத்த எண்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக போன் போடும். எளிமையானது, எனக்குப் பிடித்தமானது. வாங்கும்போது அது 2ஜியா 4ஜியா என்று கேளுங்கள். பல மலிவுப் பெட்டிகள் 2ஜி மட்டும். ஜியோவிடம் 2ஜி தொடக்கத்திலிருந்தே கிடையாது, அந்த சிம் அதில் வேலை செய்யாது. அமெரிக்க 3ஜி கதை வேறு உருவத்தில் இங்கேயும் காத்திருக்கிறது. ப்ரீபெய்ட் சிம்மின் ரீசார்ஜ் முடிந்தால் பெட்டி யாரையும் கூப்பிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த சிம்முக்கு யார் ரீசார்ஜ் செய்வது என்பதை வாங்கும் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

எந்த அலாரத்தை எடுத்தாலும், பொருத்த வந்தவர் பணம் வாங்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்வேன். ரௌட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். இப்போது கீபேடில் அலாரத்தை ஆன் செய்துவிட்டு வாசல் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். சைரன் அடிக்கிறதா, அடித்ததை கீபேடிலேயே நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். கம்பெனி சர்வர் இல்லாமல் முதல் நாள் ஆன் செய்ய முடியுமா, புது சென்சார் சேர்க்க முடியுமா என்று அடுத்துக் கேளுங்கள். அதற்கு அவர் உடனே பதில் சொன்னால் சரி. ஆபீஸுக்கு போன் போட்டுக் கேட்கிறேன் என்றால், பதில் வரும்வரை பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.